அளவுச் சட்டையும் குளிர்கோட்டும்

அக்டோபர் 4

என் கோபக்கார அக்காவுக்கு,

குச்சி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பு வலியைத் தவிர நீயும் நன்றாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் பத்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் கடைசிவரை படி.

இங்கே குளிர் வந்துவிட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு டிப்போவில் பஸ்ஸை எடுக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. நல்ல கோட்டு ஒன்று வாங்க வேண்டும். எல்லாரும் ஒரு பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்கிறார்கள், கையில் சிவப்பு முத்திரை வைத்துத் தைத்தது. விலையைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது, கோட்டே தேவைப்படவில்லை. எங்கள் மெக்கானிக், "அதுல பாதி விலை முத்திரைக்குத்தான் போவுது" என்று சிரிக்கிறார். பதினோரு வருடமாகக் கோட்டுத் தொழிற்சாலையில் செக்கிங் பார்க்கும் உன்னை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பேன்?

அப்புறம், ஜனவரியில் எனக்கு இருபது நாள் லீவு. இந்தத் தடவையாவது வருகிறாயா? ஆறு வருடமாகக் கேட்கிறேன்.

உன் குச்சி

அக்டோபர் 15

அடி குச்சி,

கடிதம் கிடைத்தது. இடுப்பு வலி இப்போது முழங்காலுக்கு இறங்கிவிட்டது, மற்றபடி சௌக்கியம்.

உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி சரி. காலையில் அந்தப் பெரிய கம்பெனிக்குத் தைக்கிறோம், மதியத்துக்கு மேல் பெயர் தெரியாத கடைக்குத் தைக்கிறோம். அதே மிஷின், அதே பெண்கள், அதே திட்டு. ஆனால் உள்ளே அடைப்பது வேறு. பெரிய கம்பெனிக்கு நல்ல இறகு. மட்டமான கோட்டில் அடைத்த பஞ்சு இரண்டே மாதத்தில் கீழே இறங்கிவிடும், தோளில் வெறும் துணிதான் மிஞ்சும்.

அதனால் கடையில் வெளியே பார்க்காதே, உள்ளே திருப்பிப் பார். கையால் அமுக்கிவிட்டு விடு, சட்டென்று எழும்ப வேண்டும். ஜிப்புக்குப் பின்னால் காற்றை மறிக்க ஒரு பட்டை இருக்க வேண்டும். நீ டிரைவர், உட்கார்ந்தே இருப்பவள். ஜிப்பு கீழிருந்தும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடையில் முட்டும். இதெல்லாம் இருந்தால் முத்திரைக்கென்று தனியாகப் பணத்தைக் கொட்டாதே. முத்திரை குளிருக்குப் போர்த்தாது.

பாக்கெட்டுக்குள் செக்கிங் எண் போட்ட துண்டுச் சீட்டு கிடக்கும். பதினேழு என்றிருந்தால் அது நான். உன் அளவை எழுதி அனுப்பு, கடைக்காரன் சொல்லும் மீடியம், லார்ஜை நம்பாதே.

ஜனவரிக் குளிர் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கோட்டு தைக்கிற இடத்தில் இருக்கிறேனே தவிர, ஒருநாளும் போட்டதில்லை. அந்தப் பேச்சை விடு.

அக்கா

அக்டோபர் 27

அன்பு அக்காவுக்கு,

நீ சொன்னபடியே போய்க் கடையை இரண்டாக்கிவிட்டு வந்தேன். முத்திரைக் கோட்டு எல்லாவற்றிலும் பாஸ். முத்திரை இல்லாத சாம்பல் நிறக் கோட்டு ஒன்றும் பாஸ், ஜிப்பு மட்டும் ஒருமுறை கடித்தது. விலை பாதிக்கும் கீழே. ஆனாலும் மனசு அந்தச் சிவப்பு முத்திரையைத்தான் சுற்றுகிறது. வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்லதாக வாங்கினால் என்ன?

எல்லாக் கோட்டின் பாக்கெட்டிலும் கையை விட்டுப் பதினேழைத் தேடினேன். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னம்மா தேடுறீங்க?" என்றார். "எங்க அக்காவைத் தேடுறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கமே வரவில்லை.

அளவு: தோள் பதினாறு, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்திரண்டு.

ஜனவரிப் பேச்சை விடவில்லை. ஒத்திவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

குச்சி

நவம்பர் 8

குச்சிக்கு,

உன் அளவைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். முப்பத்திரண்டு இஞ்சு முப்பத்தெட்டாகிவிட்டதே, பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று காஜா அத்தையிடம் பெருமை அடித்துக்கொண்டேன். எங்கள் வரிசையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற அத்தைதான், என்னைவிட மூத்தவர். அவர்தான் கேட்டார்: "உடம்பு பெருக்கும் சரி, கை எப்படிடி குட்டையாகும்?"

உனக்குக் கை இருபத்து நாலு. பள்ளிக்கூடத்துச் சட்டையிலிருந்து உனக்குத் தைத்தவள் நான். இது உன் அளவு இல்லை.

யாருக்கு வாங்குகிறாய்? கேட்க உரிமை இல்லை என்றால் சொல்லிவிடு. உனக்கு அங்கே வேண்டியவர்கள் இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். என்னிடம் மறைத்தாய் என்பதுதான் வலிக்கிறது. அவ்வளவு விலையில் வாங்கித் தரும் அளவுக்கு நெருக்கமானவரை அக்காவுக்குத் தெரிய வேண்டாமா?

அக்கா

நவம்பர் 19

அக்கா,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உன் கடிதத்தை டிப்போவில் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

டேப்பை எடு. காஜா அத்தையைக் கூப்பிட்டு உன்னை அளக்கச் சொல். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவள் உன்னை ஒருநாளாவது அளந்திருக்கிறாயா? ஒரு பழைய சட்டையை விரித்து வைத்துத்தானே எப்போதும் உனக்கு வெட்டுவாய்?

அந்த அளவுச் சட்டை, நீல நிற முழுக்கை, என்னிடம்தான் இருக்கிறது. கிளம்பிய அன்று கொடியிலிருந்து உருவிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அதைக் காணோம் என்று நீ சலவைக்காரரோடு சண்டை போட்டதைப் போனில் கேட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இங்கே முதல் வருடம் கோட்டுக்குள்ளே அதைத்தான் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினேன். கை குட்டைதான், மணிக்கட்டு விறைத்துப்போகும். அதை விரித்து அளந்துதான் உனக்கு எழுதினேன்.

கோட்டு உனக்குத்தான். என்னிடம் பழையது இருக்கிறது, போதும். ஆறு வருடமாகக் குளிரைச் சொல்லித் தட்டிக் கழிக்கிறாய். கோட்டை வாங்கிவிட்டால் அப்புறம் என்ன சொல்வாய் என்று பார்க்கத்தான் இந்த வேலை. உனக்கென்று வரும்போது மலிவானதைத் தொட மனசு வரவில்லை, அதனால்தான் முத்திரையைச் சுற்றினேன்.

அதற்குப் பிறகும் வரமாட்டேன் என்றால் காரணம் குளிர் இல்லை, நான்தான் என்று புரிந்துகொள்கிறேன். இனி கேட்கமாட்டேன்.

குச்சி

டிசம்பர் 1

என் குச்சிக்கு,

மதிய இடைவேளையில் காஜா அத்தை அளந்தார். தோள் பதினாறு. கை இருபத்திரண்டு. மொத்த வரிசையும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. "உன்னையே உனக்குத் தெரியலையேடி, நீயெல்லாம் செக்கிங்!" என்று அத்தை சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எழுந்து வந்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் நூல் எடுக்கப் போவதாகச் சொல்லி ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

காரணம் குளிர் இல்லை. ஆனால் நீயும் இல்லை. நீ கிளம்பும்போது, "மூணே மாசத்துல மூக்கைச் சிந்திக்கிட்டு வந்து நிப்ப" என்று சொன்னேன் அல்லவா? நீ வரவில்லை. பஸ் ஓட்டினாய், வீடு பிடித்தாய், நன்றாக இருந்தாய். அந்த வாயை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பது? குளிர் என்று சொல்வது சுலபமாக இருந்தது. நான் சொன்னது தப்பு, குச்சி.

சாம்பல் நிறக் கோட்டையே வாங்கு. முத்திரையைத்தான் தினமும் நூற்றுக்கணக்கில் பார்க்கிறேனே, அதைப் போட்டுக்கொண்டால் லீவிலும் வேலைக்கு வந்த மாதிரி இருக்கும். ஜிப்பில் மெழுகுவத்தியை மேலும் கீழும் தேய், கடிக்காது. மார்பு மட்டும் நாற்பத்தொன்று என்று மாற்றிக்கொள். சட்டையை நீ தூக்கிப்போய் ஆறு வருடமாகிறது, நான் அப்படியே இருப்பேனா?

ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கோட்டை வண்டி நிற்கும் இடத்துக்கே எடுத்து வா. அன்றைக்கு மட்டும் லீவு போடாதே, அங்கிருந்து நீ ஓட்டும் பஸ்ஸில்தான் ஏறுவேன்.

அந்த நீலச் சட்டை உன்னிடமே இருக்கட்டும். அளவுக்கு இனி ஆளே வருகிறேன்.

அக்கா