மைச் சிமிழ்

1976 ஜூலை 14, புதன், மெல்பேர்ண்.

இன்றைய மாலை வகுப்பில் பழைய ரோமாபுரிப் பெண்களின் அலங்காரம்தான் பாடம். முகம் வெளுக்க ஈய வெள்ளை பூசுவார்களாம். நஞ்சென்று தெரிந்தும் பூசினார்களாம். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு ஆசிரியை, கண்மைக்கு அரைத்த கல் இப்படித்தான் இருக்கும் என்று ஒன்றைக் கையில் தந்தார். கறுப்புக்குள் வெள்ளி மினுக்கம். "இதுவும் ஈயம்தான், உடம்பில் ஏறினால் ஆளை மந்தமாக்கிவிடும். பிறகு கை கழுவுங்கள்" என்றார்.

அதே மினுக்கம் என் வீட்டு மைச் சிமிழிலும் இருக்கிறது. இங்கே விளக்குக்கரியில் மை கூட்டச் சோம்பல்பட்டு, சிங்கப்பூர்ச் சிநேகிதி தந்த பொடியைத்தான் குழைக்கிறேன். கண்ணூறு படக்கூடாதென்று மகள் பிறந்ததிலிருந்தே கண்ணில் தீட்டி வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? எல்லாப் பிள்ளையளுக்கும் மை பூசுறதுதானே."

"அது விளக்குக்கரியப்பா. இந்தப் பொடியில என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

அவர் சிமிழை வாங்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். "காலமை டொக்டரிட்டைக் கொண்டு போவம்" என்றார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "நல்ல பிள்ளை, அழுகிறதே இல்லை" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். சற்றுமுன் அவளை எழுப்பி, நல்லெண்ணெய் தொட்ட துணியால் மையை அழுத்தித் துடைத்தேன். இமை சிவந்துவிட்டது.

என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அழவில்லை.