இன்னும் ஒரு கரண்டி

ரமலான் பிறை 2

மகளின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். விசாரிக்கும் உரிமை இப்போது எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி வேன் லிஃப்ட் சாமான் ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை போய்வருகிறதே, அந்த டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டேன். "கடிதமா? இந்தக் காலத்துலயா? என்ன தங்கச்சி, புதுசா காதலிக்கிறீங்களா?" என்றார். கவரை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கப்போகிறேன்.

நேற்று முதல் நோன்பு. லேபில் காலை முழுவதும், வருகிறவர்களிடமெல்லாம் "வெறும் வயித்தோடதானே வந்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு ரத்தம் எடுத்தேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கி, சூப் வைத்து, இறைச்சி வேகவைத்து, மூன்று வகை பொரித்து, இனிப்பு கிளறி, சர்பத் கலக்கி நிமிர்ந்தபோதுதான் மேஜையில் நாலு பேர் சாப்பாடு இருப்பது தெரிந்தது. மகள் ஹாஸ்டலில். நீங்கள் அங்கே. உங்கள் உம்மா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வீணாக்கக்கூடாது என்று ஒரு சாக்கு. அப்புறம் குனிய முடியவில்லை. நாற்பத்து நாலு வயதில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன்.

எழுத வந்தது இது இல்லை. அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்க உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம், மகள் சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மகளின் உம்மா


பிறை 5

லேப் மேடத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என்ன எழுதியிருக்காங்க, திட்டியிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இல்லை என்றேன். நம்பவில்லை.

இங்கே பத்து மாடிக் கட்டடம். நாலு லிஃப்ட். மாடி ஏறி இறங்கியே பகல் போய்விடுகிறது. நோன்பு திறப்பது பக்கத்துப் பள்ளிவாசலில். மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் சூப், ஒரு ரொட்டி. அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாட்ச்மேன் உட்காருவார். முதல் நாள் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததும், "இன்னும் வரும்னு பாக்குறீங்களா? வராது, சாப்பிடுங்க" என்றார்.

நம்பமாட்டாய், எட்டு கிலோ குறைந்துவிட்டேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். தொழுகையில் தூக்கம் வருவதில்லை. உடம்பும் மனசும் லேசாக இருக்கிறது. இத்தனை வருடம் நான் வைத்ததெல்லாம் நோன்பா, பசியை நாள் முழுக்கச் சேர்த்துவைத்து விருந்து சாப்பிட்டேனா என்று யோசிக்கிறேன்.

மகள் சொன்னது உண்மை. பிறை 26க்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார் மேனேஜர். நீ என்ன சொல்கிறாய்?

லிஃப்ட்காரன்


பிறை 9

மகளின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எட்டு கிலோ குறைந்ததற்கு வாழ்த்துகள். நான் எட்டு நோன்பில் மூன்று கிலோ கூடியிருக்கிறேன். லேப் எடை மெஷின் பொய் சொல்லாது, நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். சாப்பிட்ட பிறகு சர்க்கரையும் பார்த்தேன். அந்த எண்ணை எழுத வெட்கமாக இருக்கிறது. வேறு யாருடைய ரிப்போர்ட்டாக இருந்தாலும் "டாக்டரை உடனே பாருங்க" என்று சொல்லியிருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மூன்று பேரீச்சம்பழமும் ஒரு ரொட்டியும் போதும் என்றால், இருபத்தோரு ரமலான் நான் அடுப்படியில் என்ன செய்துகொண்டிருந்தேன்? லேபிலிருந்து வந்து கைப்பையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் பாங்கு வரைக்கும் உட்கார்ந்ததில்லை. ஒரு வருடமாவது குர்ஆனை முழுதாக ஓதி முடிக்க வேண்டும் என்று நினைப்பேன். பாதியைத் தாண்டியதில்லை.

போன வருடம் பத்தொன்பதாம் நோன்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டு, "வாயில வைக்க முடியல. உப்புன்னு ஒண்ணு இந்த வீட்ல இருக்கா?" என்றீர்கள். "இனிமே உங்க நாக்கோடயே குடும்பம் நடத்துங்க" என்றேன் நான். பெருநாள் முடிந்த வாரமே நீங்கள் வெளியூர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. நோன்போடு சமைக்கிற பெண், கணவன் கோபக்காரனாக இருந்தால், நாக்கு நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், அதற்குச் சலுகை உண்டு என்று கல்யாணமான புதிதில் உங்கள் உம்மா சொன்னார்கள். "என் மகன் கோபக்காரன்தான், நீ தாராளமா பாத்துக்கோ" என்று சிரித்தார்கள். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்தால், என் கணவன் கோபக்காரன் என்று நானே அல்லாஹ்விடம் எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடுமே என்று தோன்றியது. கைக்கணக்கில்தான் போட்டேன். இருபது வருடம் தவறவில்லை. ஒரு நாள் தவறியது.

இப்போது நீங்களும் இல்லை, உங்கள் கோபமும் இல்லை. ஆனாலும் நாலு பேருக்குச் சமைக்கிறேன், தனியாகச் சாப்பிடுகிறேன். அப்படியானால் அந்த ஆசை யாருடையது? உங்களுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கையெழுத்தைப் பற்றி இப்போது பதில் சொல்லத் தெரியவில்லை.

மகளின் உம்மா


பிறை 12

லேப் மேடத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். முதலில் டாக்டரைப் பார். மற்றதை அப்புறம் படி.

நீ உப்புப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எல்லாப் பெண்களும் பார்ப்பார்கள், நீயும் பார்ப்பாய், அன்றைக்கு அலட்சியமாக விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. மூன்றாம் நம்பர் லிஃப்டின் கதவைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு, "யாருடா இதை மாட்டினது?" என்று நானே கத்தினேன்.

நானும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. எனக்கு அத்தனை வகை வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? முதல் வருடம் ஒரு பொரியலை நல்லா இருக்கு என்றேன். மறுநாள் இரண்டு வந்தது. அடுத்த வருடம் மூன்று. நான் சாப்பிடச் சாப்பிட நீ கரண்டியோடு பக்கத்தில் நிற்பாய். "இன்னும் ஒரு கரண்டி?" என்பாய். வேண்டாம் என்றால் உன் முகம் வாடும். அதைப் பார்க்க முடியாமல் தட்டை நீட்டுவேன். இரவு பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகையில் நெஞ்சுவரைக்கும் நெருக்கும். பாதியில் வெளியே வந்து செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனையோ நாள். உன்னிடம் சொல்லவில்லை.

அன்றைக்குக் கத்தியது தப்பு. உன் தம்பி முன்னால் கத்தியது அதைவிடத் தப்பு. ஏன் கத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். உப்பு இல்லாதது ஒரு காரணம் கிடைத்ததுபோல இருந்தது. "போதும்" என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியாமல் போய்விட்டதோ என்னவோ.

லிஃப்ட்காரன்


பிறை 16

மகளின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தந்திருக்கிறார். நோன்பு வைக்கலாம், ஆனால் விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாட்டை விடக்கூடாது, மற்ற நேரத்தில் அளவாகச் சாப்பிட வேண்டும் என்றார். "அளவுன்னா எவ்வளவு டாக்டர்?" என்றேன். "பசி அடங்குற வரைக்கும்" என்றார். அது எந்த இடம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறேன்?

உங்கள் கடிதம் என்னைக் குழப்பிவிட்டது. முதலில், கடைசியில் பழி என் தலையிலா என்று கொதித்தேன். சமைத்ததும் என் குற்றம், நின்றதும் என் குற்றம், நீங்கள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் குற்றம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அப்புறம் அந்தக் கரண்டி ஞாபகத்துக்கு வந்தது. நின்றது உண்மைதான். ஏன் நின்றேன்? காலையில் நீங்கள் செய்தித்தாளைப் பார்ப்பீர்கள், மாலையில் போனைப் பார்ப்பீர்கள். "இன்னும் ஒரு கரண்டி?" என்று கேட்டால் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் மூன்று வகை பொரித்தேனா? எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நீங்கள் மூன்று பேரீச்சம்பழத்தில் இருக்கலாம் என்றால் நான் ஒன்றில் இருந்து காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. மூன்று நாள் ஒரு பழம், தண்ணீர், கொஞ்சம் சூப். சஹருக்கும் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் லேபில் ஒரு பெரியவரின் கையில் ஊசியை வைக்கப் போனேன், சுவர் சுற்றியது. அவர்தான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஏம்மா, ஊசி போடுறவங்களே மயங்கி விழுந்தா நாங்க யாருகிட்ட போறது? சஹர் சாப்பிட்டியா இல்லையா?" என்று அதட்டினார். அறை முழுக்க ஆட்கள். வெட்கத்தில் அந்த இடத்தைவிட்டு எழக்கூட முடியவில்லை. நோன்பை முறிக்க வேண்டியதாயிற்று. ரமலான் முடிந்து அதற்கு ஈடாக ஒரு நோன்பு வைத்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு நான் பட்டினி கிடந்தது அல்லாஹ்வுக்காகவா, உங்களோடு போட்டிக்காகவா? அந்தப் பதிலை எங்கே போய்க் கேட்பது?

இப்போது ஒரு ரொட்டி, ஒரு கிண்ணம் சூப், கொஞ்சம் இறைச்சி. ஏழு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடுகிறது. பாத்திரமும் நாலுதான். அப்புறம் இஷா தொழுகை வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் அறை அறையாக நடக்கிறேன். இவ்வளவு நேரம் இந்த வீட்டில் எங்கே ஒளிந்திருந்தது? குர்ஆனில் முப்பது ஜுஸ்உவில் பதினெட்டைத் தாண்டிவிட்டேன். நான் பாதியைத் தாண்டியது இதுதான் முதல் தடவை.

மகளின் உம்மா


பிறை 19

லேப் மேடத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். லேபில் மயக்கம் வந்ததை மகளிடம்கூட நீ சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து திட்டப்போகிறோம்.

போட்டி என்று எழுதியிருந்தாய். அதனால் என் பக்கத்து உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலில் ஒரு ரொட்டிதான். ஆனால் முதல் பத்து நாள், தராவீஹ் முடிந்து அறைக்கு வருகிற வழியில் பேக்கரியில் நுழைந்து நாலு பன் வாங்கி, நின்றபடியே தின்றேன். ஒரு நாள் வாட்ச்மேன் பார்த்துவிட்டார். "உள்ள ஒரு நோன்பு, வெளிய ஒரு நோன்பா?" என்றார். எட்டு கிலோ நோன்புக்கு முன்னாலேயே குறைந்தது. உன் சமையல் இல்லாமல், அங்கே இங்கே தின்று, வயிறு கெட்டுக் குறைந்தது. லேசாக இருக்கிறது என்று எழுதினேன். பாதி பொய். இங்கே நான் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்தால், ஏன் எழுந்தாய் என்று கேட்க ஆளில்லை. முதல் வாரம் அதுதான் நிம்மதி என்று நினைத்தேன்.

கையெழுத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. பேப்பர் என் பையில் இருக்கிறது. இது என் முடிவு மட்டும் இல்லை. "வா" என்று சொன்னால் வருகிறேன். "வேண்டாம்" என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், கோபப்பட மாட்டேன். ஏதாவது ஒன்று சொல்.

லிஃப்ட்காரன்


பிறை 23

என்னங்க,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். "வா" என்று எழுதினேன். உடனே, மேஜையில் எத்தனை வகை வைப்பது என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியது. பயந்து அடித்துவிட்டேன். "வேண்டாம்" என்று எழுதினேன். அன்றைக்கு ரொட்டியைத் தொடாமலே மூடிவைத்தேன். அதையும் அடித்துவிட்டேன்.

பன் விஷயம் படித்து வெகு நேரம் சிரித்தேன். நீங்கள் திருந்திவிட்டீர்கள், நான் மட்டும் கெட்டுப்போனேன் என்று இருபது நாளாக எனக்குள் ஒரு எரிச்சல். அது போய்விட்டது. அது போன இடத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. இருபத்தோரு வருடமும் நமக்கு நடுவில் ஒரு தட்டு இருந்தது. நான் பேச வேண்டியதைக் கரண்டியில் அள்ளி வைத்தேன். நீங்கள் பேச வேண்டியதைத் தட்டைத் தள்ளிச் சொன்னீர்கள். தட்டை எடுத்துவிட்டால் நம் இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதைப் பார்க்காமல் "வா" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல என்னால் முடியவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பிறை 25 அன்று காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறுங்கள். பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். நான் லேபில் லீவு சொல்லிவிட்டேன். பிரயாணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு, தெரியும். தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சஹரை மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பேப்பரையும் பேனாவையும் எடுத்து வாருங்கள்.

நீங்கள் வரும்போது நான் டீ போடமாட்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டேன். அடுப்படிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இருக்காது. எதிரே வந்து உட்காரப்போகிறேன். பாங்குக்கு ஏழரை மணி நேரம் இருக்கும். நாம் அவ்வளவு நேரம் சும்மா எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை.

ரொட்டி எத்தனை வாங்குவது என்பதை அஸர் தொழுகைக்குப் பிறகு முடிவு செய்துகொள்வோம்.

நான்