பன்னிரண்டாவது கட்டடம்

5 ஜனவரி 2026, திங்கள்

சிறுசேரி போய்த் திரும்பினேன். படத்தில் கட்டடமே இல்லை. பால் கொட்டியதுபோல் வெறும் வெள்ளை. சென்னைக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு இரவுப் படங்கள் கேட்டிருக்கிறார்கள். பதினொன்று தயார். இருபத்தாறுதான் கடைசி நாள். கேமராவில் ஏதோ கோளாறு.

கார் ஓட்டும் ஞானதாஸ் வழியெல்லாம் கிண்டல். “நம்மூரு கல்வெட்டப் பாக்க எங்கெங்கியோ இருந்து வர்றான். நீங்க இன்னாடான்னா கண்ணாடி ஆபீஸப் புடிக்க எழுவது கிலோமீட்டரு போறீங்க.”

மாடிக்கு மாடி விளக்குகள் கோணாமல் நிற்கும் அந்த ஒழுங்கை இந்த எழுபத்து நான்கு வயதில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

8 ஜனவரி, வியாழன்

மறுபடியும் வெள்ளை.

10 ஜனவரி, சனி

காஞ்சிபுரம். கேமரா பழுது பார்க்கும் தினகரனிடம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பொறுமையாகத் திருப்பிக் காட்டினார். “கேமராவுல ஒரு கொறையும் இல்லம்மா. கண்ணு எவ்ளோ நேரம் தொறந்து இருந்துச்சுன்னு ஒவ்வொரு படத்துலயும் அதுவே எழுதி வெச்சிக்கினு கீது, பாருங்க. ரொம்ப நேரம் தொறந்து இருந்தா வெளிச்சம் ஏறி வெள்ளையாப் பூடும்.”

போன வருடப் படங்களில் முப்பது, முப்பத்தொன்று. தீபாவளிக்குப் பிறகு நாற்பத்தைந்து. வியாழக்கிழமை எழுபத்திரண்டு விநாடி.

நான் கடிகாரம் பார்ப்பதில்லை. நெற்றியில் விபூதி இடுகிறவள்தான். ஆனால் கான்வென்டில் சிஸ்டர் மனப்பாடம் செய்வித்த ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைப் பொத்தானை அழுத்தியபடி இரண்டு முறை சொன்னால் முப்பது விநாடி. கணவர் போன பிறகு படம் எடுக்க ஆரம்பித்த இந்த ஒன்பது வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

தினகரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

11 ஜனவரி

சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். அறுபத்தெட்டு. மறுபடி — எண்பது. பாதியில் முதலுக்கே திரும்பிவிடுகிறேனா? அதுகூடவா தெரியாமல் போகும்? என்னடி ஆச்சு உனக்கு?

17 ஜனவரி

பொங்கல் முடிந்தது. கேமராப் பையைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுநாளே எனக்குப் பதிலாக எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

23 ஜனவரி, வெள்ளி

போனேன். கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, “போனைப் பார்த்து முப்பது எண்ணு” என்று மட்டும் ஞானதாஸிடம் சொன்னேன். ஏலம் விடுகிறவன்போல் கத்தினான். காவலாளி எட்டிப் பார்த்தார்.

“இருவத்தொம்போது... முப்பது. வுட்ருங்கம்மா!”

விட்டேன். ஒவ்வொரு சன்னலும் துல்லியம். சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. இதில் நான் வெறும் விரல்.

26 ஜனவரி, திங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் கீழே கட்டடத்தின் பெயர், ஊர் எழுதி அனுப்ப வேண்டும். பதினொன்றுக்கு முன்பே எழுதியாயிற்று. பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஞானதாஸை வரவழைத்தேன். “இது எந்தக் கட்டடம், சொல் பார்க்கலாம்” என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்டேன்.

“இன்னாம்மா, எனக்கே டெஸ்டா? வெள்ளிக்கெயம நாமதானே —”

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். பிறகு பெயரையும் ஊரையும், என் பேனா எட்டிப் பிடிக்கும்படி, மெதுவாகச் சொன்னான்.

எழுதிக்கொண்டேன்.