புகைக்குழாய்க்கு ஒரு போர்வை

செவ்வாய்

விடியவே வறண்ட கச்சான் காற்று. தோய்த்துப் போட்ட உடுப்பெல்லாம் புழுதி. மறுபடி தோய்ப்பு.

தகர வேலைக்காரர் வந்து சமையல் புகைக்குழாயைப் பூட்டிவிட்டார். எங்கள் குசினியிலிருந்து சுவரைத் துளைத்து, பக்கத்து ஹாஜரா ராத்தாவின் அறைக்கு மேலால் வெளியே. வேறு வழியில்லை. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்தது; நடுச்சுவர் பாதி பலகை.

ராத்தா அண்ணாந்து பார்த்தார். "இதுக்குள்ளால நெருப்பு வருமா புள்ள?"

"புகைதான் ராத்தா. சூடு இருக்கும்."

ராத்தா, முன்பு இருந்த வீடு எரிந்தபோது வெந்த இடது கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

புதன்

இரும்புக்கடைக்குப் போனேன். குழாயில் சுற்ற மூன்று வகை. கறுப்பு ரப்பர். வெள்ளித்தாள் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சு. நெருப்புக்கென்றே செய்த வெள்ளைப் போர்வை. எவ்வளவு நேரம் தாங்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் கையில் இருப்பது மாதிரித் துண்டு மட்டும். கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை.

கடைக்காரர்: "பஞ்சே காணும், அதுக்கு மேல தேவையில்லை. எல்லாரும் அதைத்தான் கொண்டு போகினம்."

மூன்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வந்தேன்.

ராத்தா கிண்ணியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறாராம். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

கணவர் அன்ரனுக்குப் பொறுமையில்லை. "வெள்ளிக்கிழமை சோத்துக்கடை திறக்கிறமெண்டு துறைமுகத்து ஆக்களுக்குச் சொல்லியாச்சு. பஞ்சைச் சுத்துமன்."

"ராத்தா பயப்பிடுறா."

"அவ எல்லாத்துக்கும் பயப்பிடுவா."

கோபம். சட்டிப் பக்கம் திரும்பிவிட்டேன். மீன் கருகிப் போனது.

வியாழன்

முற்றத்து மதிலோரம் காஸ் அடுப்பு. ராத்தாவையும் கூப்பிட்டேன். தள்ளி நின்றார். துண்டுகளை ஒவ்வொன்றாக நெருப்பில் பிடித்தேன்.

ரப்பர் உடனே சுருண்டது. சகிக்க முடியாத நாற்றம். பஞ்சு எரியவில்லை, ஆனால் தாள் உரிந்து, பஞ்சு உருகி அமுங்கியது. பின்பக்கம் தொட முடியாத சூடு. வெள்ளைத் துண்டு முன்பக்கம் சிவந்தது. பின்பக்கத்தில் விரல் வைத்தேன். இளஞ்சூடு. அன்ரனும் வைத்துப் பார்த்தார்.

ராத்தா கிட்ட வந்து இடது கையை வைத்தார்.

"இந்தக் கைக்குச் சூடு விளங்காது," என்று மற்றக் கையையும் வைத்தார். எடுக்கவேயில்லை. "ஓம் புள்ள. இது காணும்."

அன்ரன் துறைமுகத்துக்குப் போன் எடுத்தார். "அண்ணை, திறக்க ஒரு கிழமை பிந்தும்." மறுபக்கத்தில் ஏச்சு. வைத்துவிட்டு, "ஏசட்டும்," என்றார்.

அடுத்த வியாழன்

போர்வை வந்துவிட்டது! இரண்டு படை சுற்றி, தகரப்பட்டி போட்டு இறுக்கினார்கள். பலகைக்குள் நுழையும் இடத்திலும் விடாமல். அங்கேதான் ஆபத்தாம். இடைவெளிக்கு நெருப்புத் தாங்கும் பசை. நீட்டுக் கைச் சட்டை போட்டும் போர்வைத் தூளால் உடம்பெல்லாம் அரிப்பு. தலை முழுகினேன்.

சனி

திறந்தோம். கடும் வெயில். மீன் குழம்பு, பருப்பு, பாகற்காய்ச் சம்பல். ஏசினவர்கள்தான் முதலில் வந்தார்கள். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது; யாரும் குறை சொல்லவில்லை.

அடுப்பு இரண்டும் முழு வீச்சில் எரியும்போதே ராத்தாவுக்குச் சோறு கொண்டு போனேன். கதவு திறந்தபடி. குழாய்க்கு நேர் கீழே கட்டிலில், வாயைத் திறந்து, குறட்டை விட்டபடி நல்ல நித்திரை.

எழுப்பவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தேன்.