மாப்பிள்ளைக்கு மீசை எங்கே

ஐப்பசி 5, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆட்டோவில் வைப்பர் ஓடவில்லை. கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். பழங்காநத்தம் ஸ்டாண்டில் நாலு சவாரி. மத்தியானம் தயிர் சாதம். உப்பு இருந்ததா தெரியவில்லை. தின்றாகிவிட்டது.

சாயங்காலம் இரண்டு காலேஜ் பிள்ளைகள் ஏறின. போனில் பாட்டு. டமடமவென்று டிரம்ஸ், கிட்டார், ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். இரண்டாவது வரியில்தான் பிடிபட்டது.

மாப்ளைக்கு மீச எங்க, மதினிமாரே தேடுங்க
மாட்டுக் கொட்டில் மூலையெல்லாம் கூட்டிப் பெருக்கிப் பாருங்க

தங்கம் பாடினது. என் பெண்டாட்டி. என் தம்பி முருகன் கல்யாணம், உசிலம்பட்டியில், நலங்கு வைக்கும்போது. கொழுந்தனைக் கேலி பண்ணும் உரிமை மதினிக்குத்தானே. மணையில் உட்கார வைத்துக் கிழித்தாள்.

ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"பாப்பா, இது எங்க வீட்டுப் பாட்டு" என்றேன்.

"நேத்து வந்த ஆட்டோக்கார அண்ணனும் இதத்தான் சொன்னாரு."

"அவருக்கு மீச இருந்துச்சா?"

சிரித்தார்கள். நானும். வாய் தன் பாட்டுக்குச் சிரிக்கிறது.

புதன்

மழை இல்லை. வாங்க வேண்டியது: சீயக்காய், பல்பு, ரேஷன் சீனி. சீனி மறந்தாயிற்று.

மகள் செல்வி போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். நடுவில் டிரம்ஸ் நின்றுபோய் 'தேடுங்க, தேடுங்க' என்று இழுத்து அழுகிறான். கீழே ஊர்ப்பட்ட பேர் அழுது எழுதியிருக்கிறார்கள். காதலித்தவளைத் தொலைத்த பாட்டாம்.

"ஒரு மீசைக்கு இம்புட்டு அழுகையா" என்றேன். செல்வி சிரிக்கவில்லை.

"அம்மா பாடுனத யாராவது போன்ல புடிச்சிருப்பாங்களாப்பா?"

போட்டோ நிறைய இருக்கிறது. குரல் இல்லை. அவள் வைத்திருந்தது பட்டன் போன். முருகன் கல்யாண வீடியோவில் வீடியோக்காரன் முழுக்க சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டான். தங்கம் வாய் மட்டும் அசைகிறது.

செல்விக்கு அந்தக் குரல் வேண்டும். எனக்கும்தான் போல.

வியாழன்

முருகனுக்குப் போன் போட்டேன். அந்தக் கோஷ்டியில் கிட்டார் வாசிப்பவன் ஸ்டீபன், முருகனோடு வேலை பார்த்தவன், கல்யாணத்துக்கு வந்தவன். அவன்தான் போனில் பிடித்திருக்கிறான்.

"அண்ணே, அந்த போன் போயிருச்சாம். பழைய கம்ப்யூட்டர்ல கெடந்தாலும் கெடக்கும், பாக்குறேங்கான்."

"அதுல ஒன் மீசயும் கெடந்தா சேத்து எடுத்துட்டு வரச் சொல்லு."

முருகன் போனை வைத்துவிட்டான்.

அக்கா வந்தாள். மீன் குழம்பு. "பொண்டாட்டி போயி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. ஊரு என்னடா பேசும்?"

"தண்ணி வரி கட்டலக்கா. கனெக்சன வெட்டிட்டாங்ய."

முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவள்தான் அழுதாள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

மழை. ஆட்டோ எடுக்கவில்லை. பாதி நாள் தூக்கம். ஸ்டீபன் போன் பண்ணினான். கிடைத்துவிட்டதாம்.

சனி

கோச்சடை, ஸ்டீபன் வீடு. அவன் அம்மா ரிட்டயர் ஆன டீச்சர், காபி கொடுத்தார். சுவரில் மாதா படம், பக்கத்தில் கிட்டார்.

"மதினி கொரலத்தாண்ணே அப்படியே போடணும்னு இருந்தோம். முடியல. அதான் நாங்களே பாடிட்டோம்."

"ஏன்?"

"கேட்டுப் பாருங்க."

காதில் மாட்டிவிட்டான்.

தங்கம் ஆரம்பிக்கிறாள். மாப்ளைக்கு மீச எங்க. உடனே ஒரு எருமைக் குரல்: "ஏய், நேத்து ரசத்துல மெதந்துச்சே, அதாண்டி அது." கூட்டம் சிரிக்கிறது. மறுபடி ஆரம்பிக்கிறாள். "பந்தியப் போடுங்கப்பா, பாட்டு பசியாத்துமா?" எருமை நான்தான். தம்பி பக்கம் பேச ஆள் வேண்டாமா.

மூன்றாவது தடவை இரண்டு வரி முழுசாக வந்தது. அடுத்ததுக்குள் மறுபடி நான். அவள் சிரிப்பு பொத்துக்கொண்டது. அடக்க முடியவில்லை. "செத்த செவனேன்னு இருங்க மாமா, ஒத்தப் பாட்டப் பாடி முடிக்க விடுங்க." மேளம். அவ்வளவுதான்.

"அந்த ரெண்டு வரிதாண்ணே கெடச்சுச்சு. அதத்தான் திருப்பித் திருப்பிப் பாடுறோம்."

எனக்குள் ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. காபியைக் குடித்தேன். "நல்லாத்தான் தம்பி பாடியிருக்க. அழுகையக் கொஞ்சம் கொறச்சுக்க" என்றேன். என் போனுக்கு அனுப்பிவிட்டான்.

ஞாயிறு

வெயில். துணி காய்ந்துவிட்டது.

செல்வி காலையில் அதைப் போட்டுக் கேட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அம்மா சிரிக்கிதுப்பா."

"ம்."

"மூணாவது வரி என்ன?"

"தெரியல."

"நீ கேட்டதே இல்லையா?"

"எங்க, நாந்தான் பேசிக்கிட்டே இருந்தேன்ல."

மறுபடி போட்டாள். இரண்டு வரி முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி. அதில் தங்கம் மூச்சு இழுக்கிறாள், மூணாவதைப் பாட. நேற்று எனக்கு அது கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் குரல்.

செல்வி என் குரல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டாள். மறுபடி வைத்தாள். மூச்சு. நிறுத்தினாள். மறுபடி.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.