நம்பர் மட்டும் தெரியாத வீடியோ

14 செப்டம்பர் 2008, ஞாயிறு

எங்கள் கிணற்றுக்குப் பக்கத்து ஓடையில் சாயத்தண்ணீரைக் கொட்டும் டேங்கர் லாரி இன்று காலையும் வந்தது. ஆதாரம் இல்லாத மனுவை யாரும் மதிப்பதில்லை என்றுதான் இந்த வீடியோ கேமராவையே வாங்கினேன். ஹெல்மெட்டில் மாட்டுவதா, பைக் ஹேண்டில்பாரில் கட்டுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

"நான் பின்னால உக்காந்து கையில புடிச்சுக்கறனுங்க" என்றாள் என் மனைவி சரசு. அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டு, நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஜட்டிக்குத் தைக்கும் எலாஸ்டிக்கால் ஹேண்டில்பாரில் இறுக்கிக் கட்டினேன்.

கொட்டிவிட்டுக் கிளம்பிய லாரியை வீரபாண்டி வரை பைக்கில் துரத்தினேன். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால் படம் முழுக்க நடுங்குகிறது. லாரி தெரிகிறது, குழாயில் சொட்டும் சிவப்புத் தண்ணீர்கூடத் தெரிகிறது. நம்பர் மட்டும் வெறும் கோடாக ஓடுகிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து எரிச்சல்தான் மிச்சம்.

"ஏனுங்க, அத்தன கிட்டத்துல போயிருக்கீங்க. உங்க கண்ணுல நம்பர் படலீங்களா?"

படவில்லை. கேமரா கழன்று விழுந்துவிடுமோ என்று வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த தடவை நீயே பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள் என்று கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.