அலை நரம்பு

சுயாக்
14 ஆகஸ்ட் 1955

அன்பு மகன் விநாயகத்துக்கு அப்பா எழுதுவது. முருகன் துணையால் லண்டனில் நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே உன் அம்மாவும் தங்கை காமாட்சியும் நலம், நானும் வயிற்றைத் தவிர மற்ற இடமெல்லாம் நலம். கடிதத்தில் பிழை இருந்தால் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் திட்டு, மூன்று வருஷத்துக்கு மேல் என்னைச் சகிக்க அவரால் முடியவில்லை.

போன மாதம் ரத்தமாக வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் புண் என்றார், நேர் வாக் என்று பிரெஞ்சில் என்னவோ சொல்லிக் காகிதத்தில் கோடு போட்டார். வாக் என்றால் நம் தீவுப் பேச்சில் கடலலைதானே? கடலோரத்தில் குடியிருப்பதால் வந்த வியாதி என்கிறார் போலும் என்று எண்ணி, லாங் மவுண்டனில் என் தம்பி இருக்கிறான், அங்கே குடி போய்விடுகிறேன் துரை என்றேன். நர்ஸ் ஜினெட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பா லாமேர் சா தொந்தோன், இது கடல் இல்லை மாமா, தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிற நரம்பின் பெயர் என்று விளங்க வைத்தாள். சிகரெட்டில் உள்ள நிகோட்டின் அந்த நரம்பு வழியைக் கலைக்கிறதாம். பசி அடங்கினது போல் இருக்கும், ஆனால் சேதிதான் சரியாகப் போய்ச் சேராது, வெறும் வயிற்றில் புளிப்பு நீர் சுரந்து வயிற்றையே அரிக்குமாம். முப்பது வருஷம் சோற்றுக்குப் பதில் இரண்டு சிகரெட்டை இழுத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போன கெட்டிக்காரன் நான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உனக்கும் மேல்வயிறு எரிகிறது, சாப்பிட நேரமில்லை, சிகரெட்டில் சமாளிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? முப்பத்தேழில் வேலைநிறுத்தம், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை, உனக்குப் பதின்மூன்று வயது, பசிக்கிறது அப்பா என்றாய். நான் பிடித்துக்கொண்டிருந்த சிகரெட் துண்டை உன் வாயில் வைத்து, இழுடா, போய்விடும் என்றேன். போய்விட்டது. அதற்குப் பிறகு நீ ஒருநாளும் பசி என்று வாய் திறக்கவில்லை, பொறுமையான பிள்ளை என்று நான் கோயிலில் பெருமையடித்தேன். தோட்டத்துத் துரை நம்மைப் பட்டினி போட்டான், அதைச் சொல்லாதபடி உன் வாயை அடைத்தவன் நான். அவனைத் திட்ட எனக்கு மூன்று பாஷையில் வார்த்தை இருக்கிறது, என்னைத் திட்ட ஒன்றிலும் கிடைக்கவில்லை.

புளிப்பு நீர் குறைய வியாழக்கிழமை அந்த நரம்பை வெட்டுகிறார்களாம். எனக்கு வெட்டட்டும், உனக்கு அந்த நிலை வரக்கூடாது. இந்த வாரமே டாக்டரிடம் போ. வேலை நடுவில் பசித்தால் மேஸ்திரியிடம் பசிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிடு, வெட்கப்படாதே.

முருகன் உன்னையும் உன் வயிற்றையும் காக்கட்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. பதிலில் என் உடம்பை விசாரித்துக் காகிதத்தை வீணாக்காதே, டாக்டர் உனக்கு என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உனக்கு முதல் சிகரெட் கொடுத்த
அப்பா சிதம்பரம்